நான்காவது தூணில் மூன்று மணி வெயில்

...இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கண்ணால் பார்த்தால் போதாது, உடோன் நூடுல்ஸ் கிண்ணம் வந்தாலும் முதலில் கேமராவுக்குப் படைத்துவிட்டு அப்புறம்தான் வாய்க்கு, ஆறிப்போனால் போகட்டும், படம் வேண்டும் அவர்களுக்கு... இப்போது கான்கிரீட் தூணுக்கும் வந்துவிட்டார்கள். எண்பது வயது குராமொச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நகர மண்டபத்தின் கடல் பக்கத் தூண்களுக்கு எதிரே மினாசே என்ற அந்தப் பெண், நாற்பது வயதிருக்கும், முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டுக் காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏம்மா, எடுக்கிறதுன்னா எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே என்றால், மூணு மணிக்கு வெயில் தூணை உரசிக்கிட்டுப் போகும் தாத்தா, அப்பதான் கான்கிரீட்ல பதிஞ்ச பலகை ரேகை எல்லாம் எழுந்து நிக்கும் என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எழுந்து நிற்குமாம்... எதெது எழுந்து நிற்குமோ.

நான்காவது தூண், இடுப்புக்குச் சற்று மேலே. ஐம்பத்தெட்டு வருடமாக அந்த இடத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை. இந்த மண்டபம் கட்டும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, கலவையை உள்ளே கொட்டக் கொட்ட வெளியே நின்று பலகையை மரச்சுத்தியால் தட்டுவது அவர் வேலை, தட்டத் தட்டச் சத்தம் மாறும், பொள்ளலாக ஒலிப்பது கனத்துப்போகும், அதுவரை கையை நிறுத்தினால் உள்ளே குழி விழும். அன்றைக்கு லாரி தாமதம், மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து கொட்டியது. மூன்று அடித்ததும் மேஸ்திரி டீ என்று கத்தினார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ, வானம் இடிந்தாலும் அது தவறாது. குராமொச்சியும் சுத்தியைக் கீழே வைத்தார். பதினைந்து நிமிடம்தான்... இல்லை, அன்றைக்குப் பயறு இனிப்பு இருந்தது, இருபது. சில நாள் கழித்துப் பலகையைப் பிரித்தால் தலை நுழையும் அளவுக்குக் குழி, உள்ளே கம்பி விலா எலும்பு மாதிரி. மேஸ்திரி பூசுகரண்டியைக் கையில் திணித்தார், அதிகாரி வருவதற்குள் முடி என்றார். பூசினார், ஆணியாலும் கம்பித் தூரிகையாலும் மர ரேகை வரைந்தார், நடுவில் ஒரு மரக்கணு வேறு! யார் வைக்கச் சொன்னது கணுவை?

அடுத்த வாரம் நகர சபை கூடுகிறது, இடிப்பதா வைப்பதா என்று. இவள் படங்களை அங்கே மாட்டப்போகிறார்கள். பூச்சு படத்தில் தெரிந்தால் இடித்துவிடுவார்கள், குராமொச்சி செய்த வேலை என்று ஊரே சொல்லும். தெரியாவிட்டால்... தெரியாவிட்டால் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் இந்தக் குழித்தூண் தாங்கும் கூரைக்கடியில் நின்று பாடும். எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

வெயில் முதல் தூணைத் தொட்டது. இரண்டாவது. அவர் கால்கள் தாமாகவே நடந்து நான்காவதன் முன்னால் போய் நின்றன. தாத்தா, மறைக்கிறீங்க என்றாள் மினாசே. மறைக்கட்டுமே, என்னையும் சேர்த்து எடு. அழகாத்தான் இருக்கீங்க, ஆனா உங்களை இடிக்கலாமா வேண்டாமான்னு சபை கேட்கலையே, கொஞ்சம் தள்ளுங்க! சிரித்துக்கொண்டே தோளைப் பிடித்து நகர்த்தினாள். வெயில் வந்து உரசியது. அவள் மூச்சை இழுத்தாள். அடடா, இந்தக் கணுவைப் பாருங்களேன், எல்லாத் தூண்லயும் இதுதான் அழகு...

"அது மரமில்ல," என்றார் குராமொச்சி. "ஆணியால நான் கீறினது. உள்ள குழி. தட்டாம டீ குடிக்கப் போயிட்டேன்."

அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தார். "நீங்களுமா? நேத்து நிஷிவாகி தாத்தா வந்து ரெண்டாவது தூணைக் காட்டி இதையேதான் சொன்னார். உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையில்லையா? சபை இன்ஜினியருங்க கருவி வெச்சு எல்லாத் தூணையும் பாத்துட்டாங்க, ஒரு குறையுமில்லையாம்." ஷட்டர் சத்தம், ஒன்று, இன்னொன்று. "வாங்க, பிளாஸ்கில டீ இருக்கு. மணி மூணாச்சு."

நிஷிவாகியா? அன்றைக்கு இரண்டாவது தூணில் தட்டியவன், வருடக் கடைசி மது விருந்தில் ஒவ்வொரு தடவையும், நான் தட்டினதுல ஈ நுழைய இடமிருக்காதுடா என்று மார்தட்டுகிறவனா? கருவியாம்... கருவிக்குக் காது உண்டா? விரலை மடக்கி அந்தக் கணுவின் மேல் தட்டினார். கனத்த சத்தமா, பொள்ளலா... காது பழைய காது இல்லை, மறுபடி தட்டினார், தெரியவில்லை. டீ வேணாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு மேஸ்திரி டீ என்று கத்தியது தனக்கு மட்டுமா? தூணுக்கு ஒரு ஆள், பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சுத்தியும் ஒரே நேரத்தில் அல்லவா கீழே இறங்கின... அப்படியென்றால் எத்தனை தூணில் குழி? கூரைக்கடியில் போனால் பேருந்து நிறுத்தம் ஐம்பது அடி. குராமொச்சி வெயிலில் இறங்கி, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.