காவல் கட்டு

எங்கள் குடும்பத்தில் கெசையா என்ற பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. அவள் என் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா. கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவள், அவ்வளவுதான். அந்தப் பயம் ஒரு நாள் பிற்பகல் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இங்கிலாந்தின் சஃபோக் சீமையில் எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஒரே ஒரு கோதுமைக் கட்டை நிறுத்தி வைப்பார்கள். அதற்குக் காவல் கட்டு என்று பெயர். அது நிற்கிற வரைக்கும் பெண்கள் கதிர் பொறுக்க வயலில் கால் வைக்கக் கூடாது. கட்டை எடுத்தாகிவிட்டால் சிந்திக் கிடக்கும் கதிரெல்லாம் ஏழைகளுக்கு. எடுத்த கட்டு அறுப்புத் துரைக்கு. துரை என்றால் நிஜத் துரை இல்லை. அறுக்கிற ஆட்கள் தங்களுக்குள்ளேயே ஒருவனை முன்னால் நிறுத்தி, அறுப்பு முடிகிற வரைக்கும் அப்படிக் கூப்பிடுவார்கள். அந்த வருடத்துத் துரை கெசையாவின் புருஷன் ஜேபெஸ் தர்கெட்டில்.

பழைய பண்ணைக்காரர் அந்த வசந்தத்தில் செத்துப்போயிருந்தார். அவர் இடத்துக்கு கிராட்டன் என்று ஒருவர் வந்திருந்தார். வேறு சீமைக்காரர். கடைசி வண்டி போனால் காவல் கட்டு துரைக்கு என்கிற எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஊருக்கே தெரிந்ததை யார் போய்ச் சொல்வார்கள்?

கோதுமை ஏற்றிய கடைசி வண்டி போனதும் ஜேபெஸ் காவல் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், தெரு நடுவில் வந்தான். பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டே வந்தார்கள்.

"வழி விடுங்கடா, துரை வர்றாரு!"

செருப்புத் தைக்கிற ஓபெட் கடை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். ஊர்க் காவலனும் அவன்தான். "துரை பூட்ஸுல வெரல் வெளிய எட்டிப் பாக்குதேய்யா! எப்ப வந்து தெச்சுக்கப் போறீங்க?"

"துரைக்குக் காத்து வேணும்டா," என்றான் ஜேபெஸ். எல்லோரும் சிரித்தார்கள். கட்டை வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டு ஆட்களோடு பியர் குடிக்கப் போய்விட்டான்.

கெசையா மற்ற பெண்களோடு வயலுக்குப் போனாள். குனிந்த முதுகை நிமிர்த்தாமல் பொறுக்கி, மடி நிறையக் கதிரோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று பிள்ளைகள், கடைசியானது பால்குடி. குளிர்காலத்து ரொட்டிக்கு அந்தக் கதிர்தான். அவள் உட்காரக்கூட இல்லை, பக்கத்து வீட்டு ஜெமைமா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏண்டி கெசையா, ஒங்க வீட்டுக்காரன் எங்க? கிராட்டன் வயல்ல நின்னு குதிக்கிறான்டி. சிந்தினத இன்னொரு தடவ வாரி எடுக்கணும்னுதான் கட்ட நிறுத்தி வெச்சானாம். கட்டத் திருடிட்டாங்க, பொம்பளைங்கள வயல்ல விட்டுட்டாங்கன்னு கத்துறான். ஓபெட்டக் கூட்டிக்கிட்டு வரப் போறானாம்."

"திருட்டா? அது நம்ம வழக்கமில்லையாக்கா?"

"வழக்கத்த அவன்கிட்டப் போய்ச் சொல்லு. போன வருஷம் பக்கத்து ஊருல ஒருத்தன் ரெண்டு கோழி திருடினதுக்குக் கைதியாக் கப்பலேறினான், தெரியுமில்ல?"

சொல்லிவிட்டு ஜெமைமா போய்விட்டாள். கெசையா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் கட்டு நின்றது. தெருவில் போகிற எவனுக்கும் தெரிகிற மாதிரி, உயரமாக, மஞ்சளாக. அவளுக்கு அது தன் புருஷன் கழுத்தில் கட்டிய கயிறு மாதிரி இருந்தது.

அதை உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். தரையில் துணி விரித்து, தடியால் அடித்து மணியை உதிர்த்தாள். பெரியவள் "எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு ஓங்கி ஒரு அறை. பொறுக்கி வந்த கதிர்களையும் உதிர்த்து, இரண்டு மணியையும் கலந்து ஒரே சாக்கில் கட்டினாள். வைக்கோலை ரொட்டி அடுப்புக்குள் திணித்துக் கொளுத்தினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

கதவு தட்டப்பட்டது. ஓபெட் உள்ளே வந்தான்.

"கட்ட எங்க கெசையா? வாசல்லதான வெச்சான், நானே பாத்தேன்."

"எந்தக் கட்டு?"

ஓபெட்டின் முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்படிச் சொல்லாத தாயே. இந்தா இருக்கு, இது எங்க வழக்கப்படி வந்ததுன்னு சொல்லு. நானும் பாத்தேன்னு சொல்றேன். தெருவுல எல்லாரும் பாக்கத் தூக்கிட்டு வந்தவன் திருடனா?"

மறைத்ததால்தான் அது திருட்டாகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஓபெட்டுக்குப் பின்னால் கிராட்டன் நின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய் அடுப்பின் கதவைத் திறந்தார். வைக்கோல் சாம்பலாகியிருந்தது. கட்டைச் சுற்றிக் கட்டுகிற வைக்கோல் புரி மட்டும் பாதி கருகி, முடிச்சோடு கிடந்தது. முறுக்கிய வைக்கோல் சீக்கிரம் எரியாது.

"எந்தக் கட்டுன்னு கேட்டியே," என்றார். "இந்தக் கட்டு."

சாக்கையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எது கட்டு மணி, எது பொறுக்கிய மணி என்று யாரால் பிரிக்க முடியும்? குளிர்காலத்து ரொட்டி முழுக்க அதோடு போயிற்று.

அக்டோபரில் ஜில்லாத் தலைநகரில் ஜேபெஸ் மேல் திருட்டு வழக்கு. கெசையா குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓபெட் தான் பார்த்ததை அப்படியே சொன்னான். நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார்.

"உன் உரிமைன்னு எடுத்துட்டு வந்த. சரி, நம்புறேன்னே வெச்சுக்குவோம். அப்புறம் எதுக்கு எரிச்ச?"

வைக்கோல் எரிந்த நேரத்தில் ஜேபெஸ் பியர் கடையில் இருந்தான் என்று சொல்லப் பத்து பேர் இருந்தார்கள். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எரித்தது யார் என்பதுதான். கெசையாவுக்கு அது தெரியும். எழுந்து, நான்தான் ஐயா, பயத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் அவன் வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லை, எடுத்தவன் எரித்தவள் என்று இரண்டு பேரையுமே உள்ளே போட்டுவிடலாம். அப்புறம் பால்குடி அவளோடு சிறைக்கு, மற்ற இரண்டும் ஏழைகள் விடுதிக்கு. அந்த விடுதிக்குப் போன ஜெமைமாவின் தங்கை பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பாதி எழுந்துவிட்டாள். ஜேபெஸ் திரும்பிப் பார்த்தான்.

"உக்காருடி," என்றான். "புள்ள முழிச்சுக்கப் போவுது."

பிறகு நீதிபதியிடம் சொன்னான். "நான்தான் ஐயா எரிச்சேன். போதையில எரிச்சேன்."

ஏழு வருடம் நாடு கடத்தல், கடலுக்கு அப்பால்.

கப்பலுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள். "நான் சொல்லியிருக்கணும். வாயெடுத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா புள்ளைங்க மூணும் போயிருக்கும்," என்றான் அவன். "கிராட்டன் நெலத்துல வேலைக்குப் போவாத. பசங்கள அடிக்காத."

அவன் திரும்பி வரவில்லை. செத்தானா, அங்கேயே ஒரு குடும்பம் கட்டினானா, எங்களில் யாருக்கும் தெரியாது. கெசையா எழுபது வயது வரைக்கும் இருந்தாள். யாராவது கதவைத் தட்டினால், கடைசி வரைக்கும், முதலில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்ப்பாள். மூன்று குரலும் வந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகி வேறு வேறு ஊருக்குப் போன பிறகும் கூப்பிட்டாள். அப்போது பதில் வராது. கதவும் திறக்காது. தட்டுகிறவர்கள் ஜன்னல் பக்கம் சுற்றி வந்து, "நாந்தான் கெசையா, பயப்படாத" என்று சொல்ல வேண்டியிருக்கும்.