எழுதியவன் சொன்னதுதான் பதில்

"நாகு, எனக்கு மறுபடியும் படிக்கச் சொல்லிக் குடுலா" என்று ஷஹானா போனில் சொன்னபோது, நான் பங்சார் அலுவலகத்தில் ஓர் இன்சூரன்ஸ் கிளேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்து, "எதுலேருந்து ஆரம்பிக்கணும், அ ஆவுலேருந்தா?" என்று கேட்டேன்.

"மூவெட் எழுதப் போறேன்" என்றாள்.

மூவெட் என்பது இங்கே மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எழுதவேண்டிய ஆங்கிலத் தேர்வு. நாங்கள் இருவரும் பள்ளிக் கடைசியில், ஆறாம் படிவத்தில் அதை ஒன்றாகத்தான் எழுதினோம். தரநிலையை இதில் பேண்ட் என்பார்கள். அவள் என்னைவிட நல்ல பேண்ட் வாங்கினாள். அதை ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. நானாக இருந்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ரிசல்ட்டுக்குப் பால் பாக்கெட் மாதிரி காலாவதித் தேதி உண்டு. சில வருஷம் போனால் செல்லாது, திரும்ப எழுதவேண்டும்.

அவளுக்குச் சட்டம் படிக்கவேண்டும். வேலை செய்பவர்களுக்கான பகுதிநேர வகுப்பு. விண்ணப்பம் மூடுவதற்கு முன்னால் இந்த ஒரு தேர்வுதான் பாக்கி. அவர்கள் கேட்கிற பேண்ட் இதில் வராவிட்டால் அடுத்த வருஷம்தான்.

"அடுத்த வருஷம்னு ஆயிட்டா நான் போகமாட்டேன் நாகு. என்னைப்பத்தி எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். பள்ளி முடித்த வயதிலும் அவள் அடுத்த வருஷம் என்றுதான் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அதே மாதம் அவளுடைய அத்தா ஜபருல்லாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. தம்பி இல்யாஸ் அப்போது சின்னப் பள்ளியில் இருந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அவர்களுடைய சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் இவள் போய் உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். லீவில் வரும்போதெல்லாம் அந்தக் கல்லாவில் அவளைப் பார்ப்பேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சிரிப்பாள். அப்படியே எத்தனையோ வருஷம் கடை அவள் கையில் ஓடியது.

இப்போது அவள் கிள்ளானில் இருக்கிறாள். கணவர் பாசிலுக்கு அங்கே துணிக்கடை. சனிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கு மேல்மாடியில், பிரிக்காத சேலைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டுக்கொண்டோம். போனில் நேரத்தை வைப்பேன், பழைய கேள்வித்தாளை நீட்டுவேன். வக்கீலாகப் போகிறவள் என்ற மரியாதையெல்லாம் எடுபடாது, தப்பு செய்தால் தலையில் குட்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அவளுக்கு ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை. வேகமாகவும் படிப்பாள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. படித்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று பென்சிலை மேசையில் போட்டுவிடுவாள்.

"யாரு இத எழுதுனது?"

"யாரா இருந்தா என்ன? நேரம் ஓடுது."

"தேத்தண்ணிய உயரத்துலேருந்து ஆத்துறது சும்மா ஆளுங்களுக்கு வேடிக்கை காட்டத்தானாம். இவன் ஒருநாளாச்சும் ஆத்தியிருக்கானா? ஆத்துனாத்தான் சூடு இறங்கும், அந்த நுரையே அப்பதான் வரும்."

ஆத்துவது வேடிக்கைக்கு மட்டுமே, சரியா தப்பா என்று கேள்வி. இவள் தப்பு என்று போட்டிருந்தாள். விடைப் பக்கத்தில் 'சரி' என்று இருந்தது.

"அது சரியே இல்லலா" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"உனக்கு என்ன தெரியும்னு அவன் கேக்கல. அந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னுதான் கேக்குறான். எழுதுனவன் சொன்னதுதான் பதில். உன்னோட அறிவையெல்லாம் மூட்டை கட்டி வெளிய வெச்சிட்டு உள்ள போ."

அவளைத் திட்டினேனே தவிர, அந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். ஜபருல்லா அங்கிள் கடையில் காலையில் பேப்பர் படிப்பது ஒரு தனிச் சடங்கு. ஒரே ஒரு பேப்பர்தான் வாங்குவார்கள். யாராவது ஒருவர் சத்தமாகப் படிப்பார். கடையில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அதை மறுத்துப் பேசுவதுதான் வேலை. மீன் விலை குறைந்தது என்று படித்தால் பாசார் சந்தையிலிருந்து நேராக வந்தவர் ஒருவர் எழுந்து நிற்பார். சாலை போட்டாயிற்று என்று படித்தால் லோரிக்காரர் ஒருவர் பரோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தச் சாலையின் குழிகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். அங்கிள் மட்டும் தேத்தண்ணி ஆத்திக்கொண்டே, "அப்படியா போட்டிருக்கான்?" என்று கேட்பார். அவ்வளவுதான் கேட்பார், ஆனால் அவர் கேட்கிற தோரணையில் எழுதியவனுக்கு எங்கிருந்தாலும் வியர்த்திருக்கும். அந்தக் கடையில் வளர்ந்தவளுக்கு ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எப்படி வரும்?

அப்போது எங்களுக்கு நேரம் வைத்தவர் அவர்தான். பள்ளி விட்டதும் கடைசி மேசையில் உட்கார்ந்து நானும் ஷஹானாவும் பயிற்சித் தாள் போடுவோம். எங்கள் கையில் கடிகாரம் இருந்தும் அதைப் பார்க்க விடமாட்டார். கல்லில் ஒரு முர்தபாக் ரொட்டியைப் போடச் சொல்லிவிட்டு, "ம், ஆரம்பிங்க" என்பார். அது இரண்டு பக்கமும் வெந்து தட்டுக்கு வருவதற்குள் ஒரு பத்தியும் அதன் கேள்விகளும் முடிந்தாகவேண்டும். முட்டையும் வெங்காயமும் வேகிற வாசனையில் ஆங்கிலமாவது ஒன்றாவது. முந்தி முடித்தவளுக்குத்தான் முதல் துண்டு. பெரும்பாலும் அவளுக்குத்தான் கிடைக்கும், அதில் பாதியைப் பிய்த்து என் தட்டில் போடுவாள். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கடைசி மேசையில் கிடைத்த பாதித் துண்டுக்கு எதுவும் ஈடாகவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. கடைகள் இருந்த வரிசை முழுவதையும் கட்டடத்தின் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் இடித்து, கண்ணாடி வைத்த அடுக்குமாடி கட்டினார்கள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து ஷஹானா ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினாள். தவணை கேட்டாள், பக்கத்துத் தெருவில் வேறு இடம் கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடை போன அடுத்த நோன்புப் பெருநாளைப் பார்க்க அங்கிள் இல்லை. சட்டம் படிக்கவேண்டும் என்று அவள் இன்றைக்கும் நினைக்கிறாள் என்றால் அந்த அலுவலகப் படிகளில் பட்ட அவமானமும் அதில் இருக்கிறது. அவள் என்னிடம் சொன்னதில்லை, நானாகச் சொல்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தாள். முதலில் கேள்விகளைப் பார்த்துவிடு, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு பத்திக்குள் போ என்றேன். ஒவ்வொரு பாராவிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டு வை. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்கிற விடை பெரும்பாலும் ஏமாற்று. ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தால் அதோடு குடும்பம் நடத்தாமல் அடுத்ததுக்குப் போ. இதெல்லாம் சுலபமாக ஏறியது. சண்டைதான் போக மறுத்தது. பத்தியோடு வாதாட அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் மேசையைத் தட்டுவேன். "எழுதுனவன் சொன்னதுதான் பதில்" என்று அவளே சொல்லவேண்டும். கீழே துணி கிழித்துக்கொண்டிருக்கிற பாசிலுக்கும் இது மனப்பாடமாகிவிட்டது. விலை பேசுகிற ஆன்டிகளிடம், "இங்க கடைக்காரன் சொன்னதுதான் பதில், ஆன்டி" என்று ஆரம்பித்துவிட்டார்.

கடைசிச் சனிக்கிழமை வாயே திறக்காமல் ஒரு முழுத்தாளை முடித்தாள். நேரமும் மிச்சமிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே இறங்கி, பாசிலிடம் எனக்கு ஒரு சேலை எடுத்து வைக்கச் சொன்னேன்.

வாசிப்புத் தாள் அன்று அவளைக் கிள்ளானில் ஒரு பள்ளியில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அவளைச் சுற்றி நின்றதெல்லாம் அவள் மகள் நாஜியாவைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள். ஒரு பெண் இவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, "டீச்சர், டாய்லட் எங்க?" என்று கேட்டாள். ஷஹானா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எதிரே இருந்த சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். இவள் மெதுவாக நடந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேரம் போதவில்லையோ என்று நினைத்தேன்.

"முடிச்சியா இல்லியா?"

"முடிச்சேன். எல்லாம் முடிச்சேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவளுக்காக வாங்கி வைத்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை. "ஒரு பத்தி வந்துச்சு நாகு. பழைய டவுன்ல இருந்த சாப்பாட்டுக் கடைங்களைப்பத்தி. வெளியூர்லேருந்து வந்தவங்க வெச்ச கடைங்க. அந்தக் கடைங்கெல்லாம் ஏன் மூடிப்போச்சுன்னு கேள்வி."

எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"கட்டடத்த வித்தாங்க, இடிச்சாங்கன்னு ஒரு விடை இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு அக்கறை இல்ல, படிச்சிட்டுக் கைகழுவிட்டுப் போயிட்டாங்கன்னு இன்னொரு விடை. எழுதுனவன் பிள்ளைங்களத்தான் சொல்றான். ரெண்டு தடவ படிச்சுப் பார்த்தேன். வேற எதுவும் சொல்லல." கையைப் பிசைந்துகொண்டாள். "நீ சொல்லிக் குடுத்தபடியே செஞ்சேன். அத்தா கடைய நாங்க கைகழுவிட்டோம்னு, நானே விடை வட்டத்தப் பென்சிலால கருப்படிச்சிட்டு வந்திருக்கேன்."

பிறகு அழுதாள். அங்கிள் இறந்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து மேசைப் பிள்ளைகள் தேர்வில் கோட்டைவிட்ட யாரோ என்று பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த எழுத்தாளன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் அவள் போட்ட விடை சரி. அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் கார் ஓட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் போன் அடித்தது. அலுவலகத்தில் நாங்கள் மீட்டிங்குக்கு உள்ளே போகிற நேரம்.

"கிடைச்சிருச்சு நாகு. அவங்க கேட்ட பேண்டுக்கு மேலயே."

நான் அலுவலகம் என்றும் பார்க்காமல் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்படின்னா அந்தக் கேள்விக்கும் மார்க் போட்டிருப்பாங்கல்ல? அது தப்புன்னு வரணும்னு தொழுகைல கேட்டேன்லா. பேண்டும் வேணும், அது மட்டும் தப்பா இருக்கணும்னு."

சமாதானம் சொல்கிற ஆள் நான் இல்லை. "இங்க பாரு ஷஹானா" என்றேன். "பரீட்சை முடிஞ்சிருச்சு. இனிமே அந்த ரூல் கிடையாது. அந்த எழுதுனவன் இப்ப என் எதிர்ல நிக்கிறான்னு வெச்சிக்க. என்ன சொல்லணுமோ சொல்லு."

மீட்டிங்குக்குக் கூப்பிட வந்த, கூட வேலை செய்யும் வாணியைக் கையாலேயே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"மொதப் பாராவே தப்பு" என்றாள். குரல் உயர்ந்தது. கிள்ளானில் துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். "பிள்ளைங்க விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு போட்டிருக்கான். யாரு போனா? நான் போகல. கிடைச்ச சீட்ட விட்டுட்டு அங்கதான் உக்காந்திருந்தேன். சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவன எழுப்புற மாதிரி எங்கள எழுப்பி விட்டாங்க நாகு."

"சரி" என்றேன். "அடுத்த பாராவுக்கு வா."