இடப்பக்கத்தில் ஒரு மொட்டு ஜாஸ்தி

கனமழை பெய்யும் என்று மாவட்டம் முழுக்கக் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆகவே வெயில் கொளுத்தியது. காலையில் குடையோடு கிளம்பியவர்கள் அதை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு, இதற்காகத்தான் எடுத்துவந்தோம் என்கிற முகத்தோடு நடந்தார்கள். கடலூருக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டிய நான், சிதம்பரத்தில் என் அக்கா கனிமொழியின் எம்ப்ராய்டரி கடையில் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். விடுமுறை என்றால் இதுதான் என்பது அக்காவின் கருத்து.

கடை என்பது மேல வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மாடி அறை. அறையில் முக்கால்வாசி மெஷின், மிச்சத்தில் நாங்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமை மாட்டி, திரையில் டிசைனைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்குத் தைக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கியது. மெஷினை மேலே ஏற்றுவதற்காகப் படிக்கட்டின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இன்னும் மாட்டவில்லை. வாடிக்கையாளர்கள் சுவரைத் தடவிக்கொண்டு பக்தியோடு ஏறி வருவார்கள்.

அன்று மெஷினில் இருந்தது பரங்கிப்பேட்டை ஷஹனாஸின் நிக்காஹ் துப்பட்டா. நாளை மறுநாள் நிக்காஹ். சந்தன நிறத்தில், ஊதினால் பறக்கிற பட்டு. அவளுடைய வாப்பா ஹபிபுல்லா ஷார்ஜாவில் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்து, ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு அவர் சார்பில் வந்திருப்பது இந்தத் துணிதான். "துணி பத்திரம் புள்ள" என்று ஷஹனாஸின் உம்மா சைனம்பு கொடுக்கும்போதே சொன்னார். கொடுத்துவிட்டுப் படி இறங்கியவர், திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை சொன்னார். கைப்பிடி இல்லாத படியில் இரண்டாவது தடவை ஏறுகிறவர் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்.

மதியத்துக்குள் பூக்கள் எல்லாம் மெரூன் நூலில் நிரம்பிவிட்டன. அவற்றைச் சுற்றித் தங்க ஜரியில் ஓரக்கோடு ஓட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அம்மாவும் மகளும் வந்தார்கள். சைனம்புவின் கையில் ஃபோன். ஃபோனுக்குள் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஹபிபுல்லா.

"கனி, ஒரு நிமிஷம் அவுங்களுக்குக் காட்டிடும்மா. அங்க இப்பதான் சாப்பாட்டு நேரம். உட்டா புடிக்க முடியாது."

அக்கா மெஷினை நிறுத்தினாள். நான் ஃபோனை வாங்கி ஊசிகளுக்குக் கீழே நுழைத்தேன்.

"இருட்டா இருக்கே. அது என்னா, கையா?" என்றது ஷார்ஜா.

"என் கைதான் மாமா."

"கை நல்லா இருக்கு தம்பி. பூவக் காட்டுங்க."

அக்கா ஃபிரேமைத் துணியோடு சேர்த்து மெஷினிலிருந்து கழற்றினாள். அதில் தப்பில்லை. திரும்ப மாட்டினால் அதே இடத்தில் போய் நிற்கும். ஹபிபுல்லா பூவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "தலையில போட்டுக் காட்டும்மா" என்றார். ஷஹனாஸ் ஃபிரேமும் கையுமாகத் துப்பட்டாவைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"என்னம்மா, ஜன்னலக் கழட்டித் தலையில வச்சிருக்கே?"

"ஃபிரேம் வாப்பா. முடியறவரைக்கும் எடுக்கக் கூடாதாம்."

"ஓ. எடுக்கக் கூடாதா." அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். "சரியாப் போட்டு ஒரு தடவ பாத்தா நல்லாருக்கும். நாந்தான் அன்னைக்கு அங்க இருக்க மாட்டனே."

டிசைன் முடிகிறவரை துணி ஃபிரேமை விட்டு வரக் கூடாது என்பது அக்கா கடையின் ஒரே சட்டம். அதை எனக்கு எத்தனையோ தடவை உரக்கச் சொல்லித்தந்தவள், இப்போது தானே ஃபிரேமின் திருகைத் தளர்த்தினாள். துணி கையோடு வந்தது. அதில் ஃபிரேம் அழுத்திய தடம் சதுரமாகப் பதிந்திருந்தது.

"அய்ய, இப்புடிக் கசங்கிக் கெடக்கே. அவுங்க பாத்தா என்னா சொல்லுவாங்க?" என்ற சைனம்பு, மூலையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துணியின் பின்பக்கம் ஒரு தேய் தேய்த்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் சதுரம் போய்விட்டது.

ஷஹனாஸ் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஹபிபுல்லா ஹெல்மெட்டைக் கழற்றி எங்கேயோ வைத்தார். ஃபோன் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அசையாமல் இருந்தார்.

"போதும்மா. பாத்துட்டேன்" என்றார். அழைப்பு நின்றது.

அக்கா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாலா, அந்தத் தடத்த வச்சுத்தான்டா திரும்ப அதே எடத்துல மாட்டணும்."

"சுத்தமா எடுத்துட்டேன் கனி. ஒரு சுருக்கம் இல்ல பாரு" என்றார் சைனம்பு, பெருமையாக.

அக்கா மஞ்சக்குப்பத்துக்கு ஃபோன் போட்டாள். மெஷின் சர்வீஸ் பார்க்கும் ராஜ்கமல் எடுத்தார்.

"முடியறதுக்கு முன்னாடி கழட்டிட்டீங்களாக்கா? கழட்டக் கூடாதே."

"கழட்டியாச்சு ராஜ்கமல்."

"அதான்க்கா சொல்றேன், கழட்டக் கூடாது."

"இப்ப என்னா பண்றது?"

"இனிமே கழட்டாதீங்க."

அக்கா நன்றி சொல்லி வைத்தாள். பிறகு கண்ணளவில் துணியை ஃபிரேமில் மாட்டி, தைத்துப் பார்த்தாள். ஜரிக்கோடு பெரிய பூவின் ஓரமாகக் கிளம்பியது. இடது இதழுக்கு வருவதற்குள் பாதை மாறிவிட்டது. பூ ஓரிடத்தில் இருக்க, அதன் ஓரம் பக்கத்து வீட்டில் குடியேறிக்கொண்டிருந்தது. அக்கா சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

சைனம்பு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "டைல்ஸ் ஒட்டுற மனுஷன் கனி அவுங்க. நம்ம வூட்டுக் காலண்டர் கோணலா தொங்குனாக்கூட அங்கேருந்து பாத்துட்டு நேரா மாட்டச் சொல்லுவாங்க. இதப் பாத்தா? இங்க கடைவீதியில வேற ஒண்ணு வாங்கிடலாமா?"

"வேற வேணாம்மா" என்றாள் ஷஹனாஸ். "வாப்பா பாத்தது இதத்தான். நான் இதத்தான் போடுவேன்." அக்காவிடம் திரும்பினாள். "பிரிக்க முடியுமாக்கா?"

"முடியும். பின்பக்கத்துலேருந்து ஒவ்வொரு தையலா அறுக்கணும். துணி மெல்லிசு. துணியோட இழை அறுந்துச்சுன்னா போச்சு." அக்கா கத்தியை எடுத்தாள். துணி வரைக்கும் கொண்டுபோனாள். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"குடுங்கக்கா. நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. நரம்பே தெரியாத கையிலெல்லாம் எடுத்திருக்கேன்" என்றாள் ஷஹனாஸ்.

"துணி கத்தாது. அது ஒரு சௌகரியம்" என்றேன்.

"நீங்களும் சும்மா இருந்தா ரெண்டு சௌகரியம். லைட்ட புடிங்க."

நான் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தேன். ஷஹனாஸ் துணியைக் கவிழ்த்து, அடிநூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். அப்புறம் முன்பக்கம் திருப்பி, இடுக்கியால் ஜரியை மெல்ல உருவினாள். உருவிய இடத்தில் நகத்தால் தடவினால் ஊசித்துளைகள் மூடிக்கொண்டன. "வலிக்குதா?" என்று பழக்கதோஷத்தில் ஒரு தடவை கேட்டும்விட்டாள். யாரிடம் என்று தெரியாததால் நான், "இல்ல" என்றேன்.

இடது இதழின் நுனிக்கு வந்தபோது ஜரியோடு துணி இழை ஒன்றும் சேர்ந்து வந்தது. கடுகளவு ஓட்டை. சைனம்பு எட்டிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். கீழே சந்தில் ஒரு குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"மொதல்ல நேரா மாட்டுவோம்" என்றாள் அக்கா. "ஓட்டைக்கு அப்புறம் அழுவலாம்."

திரையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் மெஷின் தைக்காமல், ஏற்கெனவே தைத்த வழியில் பின்னால் போகும். அக்கா துணியை ஃபிரேமோடு திரும்ப மாட்டி, பெரிய பூவின் நுனியில் போட்ட தையல் வரைக்கும் மெஷினை நடத்திக்கொண்டு போனாள். பக்கவாட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்கினாள். பழைய துளையிலேயே சரியாக இறங்கியது. நான் கை தட்டினேன். அக்கா என்னைக் கண்டுகொள்ளாமல், டிசைனின் மறு கோடியில் இருக்கும் இலை நுனிக்குப் போய் ஊசியை இறக்கினாள். இலைக்கு வெளியே குத்தியது. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

"ஒரு எடம் சரியா இருந்தா பத்தாதுடா. துணி கோணலா நிக்குது. ரெண்டும் சரியா வரணும்."

அவள் துணியை விடுவித்து, துணிக்கு அடியில் வைக்கும் கெட்டித் தாளை மட்டும் ஃபிரேமில் இறுக்கி மாட்டினாள். பூ நுனிக்கு ஊசி இறங்கும் இடத்தில் தாளில் ஒரு புள்ளி வைத்தாள். துணியை அதன் மேல் விரித்து, பூ நுனித் துளை வழியாகக் குண்டூசியைச் செருகி, அந்தப் புள்ளியில் நட்டாள்.

"காம்பஸ்ல வட்டம் போடுவல்ல, அதோட முள்ளு மாதிரி இது. இந்த எடம் நகராது. இதச் சுத்தித் துணி மட்டும் திரும்பும்."

"நான் டிபன் பாக்ஸ் மூடிய வச்சுத்தான் போட்டேன்."

"அதான் காலேஜ்ல என்னா படிக்கிறன்னு கேட்டா முழிக்கிற."

அக்கா ஊசியை இலை நுனிக்குமேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஷஹனாஸ் குனிந்து, விரல் நுனியால் துணியைத் திருப்பினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அக்கா. "ஜாஸ்தி. கொஞ்சம் பின்னால வா. அவ்ளோ இல்ல... அங்கதான். மூச்சு உடாத."

ஊசி இறங்கியது. இலையின் நுனித் துளைக்குள் போய் உட்கார்ந்தது. சரிபார்க்கத் திரும்பவும் பூவுக்குப் போனாள். அங்கேயும் சரியாக இருந்தது. சுற்றிலும் கையால் நூல் ஓட்டித் துணியைத் தாளோடு பிடித்துக் கட்டிவிட்டு, குண்டூசியை எடுத்தாள்.

"பிஸ்மில்லா சொல்லி அமுக்கும்மா" என்றார் சைனம்பு.

அக்கா பிஸ்மில்லா சொன்னாள். வழக்கம்போல மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆயுத பூஜைக் குங்குமம் அதன் நெற்றியில் இன்னும் இருந்தது. பொத்தானை அமுக்கினாள்.

ஜரி கிளம்பியது. பெரிய பூவைச் சுற்றி, இடது இதழின் நுனியை ஒட்டி வளைந்து, பூவை விட்டு விலகாமல் திரும்பி வந்தது. அடுத்த பூவுக்குப் போனது. அதிலும் விலகவில்லை. சைனம்பு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "தம்பி, டீக்கடை தெறந்திருக்குமா?" என்றார். நிலைமை சீராகிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நான் டீயோடு வந்தபோது கோடு முழுவதும் ஓடி முடிந்திருந்தது. மூவரும் அந்தக் கடுகளவு ஓட்டையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இதே டிசைன்ல மொட்டு இருக்கில்ல, அதுல ஒண்ண இது மேல போட்டுடலாமே" என்றாள் ஷஹனாஸ்.

அக்காவின் முகம் மலர்ந்தது. பின்னால் ஒரு துண்டுத் தாளை வைத்து, ஓட்டையின் மேல் சின்னதாக ஒரு மொட்டைத் தைத்தாள். ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. "வலப்பக்கமும் ஒண்ணு போட்டுடறேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்" என்றாள்.

"வேணாங்க்கா. அங்கதான் ஓட்டை இல்லையே."

"அவுங்க கண்டுபுடிச்சிடுவாங்கடி" என்றார் சைனம்பு.

"புடிக்கட்டும்."

சாயங்காலம் ஹபிபுல்லா வேலை முடிந்து கூப்பிட்டார். ஷஹனாஸ் துப்பட்டாவை விரித்துக் காட்டினாள். சைனம்பு ஃபோனைக் கொஞ்சம் தூரமாகவே பிடித்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் அவர். உடனேயே, "கிட்ட கொண்டா. இடப்பக்கத்துல ஒரு மொட்டு ஜாஸ்தியா இருக்கே?"

அக்கா மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்க ஆரம்பித்தேன்.

ஷஹனாஸ் மறைக்கவில்லை. "நீங்க பாக்கறதுக்காகக் கழட்டினோம்ல வாப்பா. திரும்ப மாட்டறப்ப தப்பாயிடிச்சு. பிரிச்சப்ப ஒரு ஓட்ட உழுந்துச்சு. அதுக்கு மேல போட்டது."

ஷார்ஜாவில் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. நான் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் சிவப்பை வைத்தேன்.

"அப்ப அது என் மொட்டு" என்றார் ஹபிபுல்லா. "இருக்கட்டும்மா. பேத்து எடுக்காத. நிக்காஹ் அன்னைக்கு அந்தப் பக்கம் ஃபோனுக்குத் தெரியற மாதிரி உக்காரு."

"சரி வாப்பா."

"அப்பறம், கடையில பின்னால அந்தக் காலண்டரு கோணலா இருக்கு. தம்பிய நேராக்கச் சொல்லு."

நேராக்கினேன்.

நிக்காஹ் முடிந்த மறுவாரம், பரங்கிப்பேட்டையிலிருந்து இன்னொரு கல்யாணப் பெண் கடைக்கு வந்தாள். ஷஹனாஸின் முக்காட்டைப் பார்த்தாளாம். தைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய வாப்பா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். பூவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு, "தலையில போட்டு ஒரு தடவ..." என்று இழுத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தையல் சாக்பீஸை எடுத்து, ஃபிரேமின் நான்கு மூலையிலும் துணியில் அழுத்தமாகக் குறி வைத்தாள்.

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி படி இறங்கினேன்.