பொட்டுக்கு வந்த சிட்டு

...சிவப்புத்தான் காரணம், வேறொன்றும் இல்லை, சிவப்பைக் கண்டால் தேன்சிட்டு வரும் என்று மகள் நிலாணியே சொன்னாள்தானே, பிறகேன் விடியத்தொட்டு இங்கேயே நிற்கிறாய் என்று சந்திரவதனா தன்னையே அதட்டிக்கொண்டாள். புலம்பெயர்ந்து வந்த அஜக்ஸ் ஊரில் வீட்டின் பின்வளவு, கையில் தேநீர், அது எப்போதோ ஆறிவிட்டது... வசந்தம் தொடங்கியதிலிருந்து சீனித்தண்ணி காய்ச்சி, ஆறவைத்து, சிட்டுக்கென்று தொங்கவிட்ட போத்தலைக் கழுவிக் கழுவி மாட்டியதுதான் மிச்சம், ஒரு சிட்டும் எட்டிப் பார்க்கவில்லை, எறும்புகள்தான் குடும்பத்தோடு வந்து விருந்துண்டு போயின. போத்தலடியில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் பூக்கள் வெயிலில் வெளிறிப் பழம்பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டன. "அம்மா, இது ஃபுல்லா ஃபேட் ஆகிட்டுது, ஹமிங்பேர்ட்டுக்கு ரெட் வேணும், நான் புதுசு ஓடர் பண்ணுறன்" என்ற மகள் தன் கலியாண வேலையில் அதை மறந்துபோனாள், மறக்கட்டும், மணப்பெண்ணுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா? பிறகு நேற்றுக் காலை அது வந்தது. போத்தலுக்கு வரவில்லை, நேரே சந்திரவதனாவின் முகத்துக்கு வந்தது. யாரோ தொண்டைக்குள் முனகுவதுபோல ஒரு சத்தம், இமையில் காற்று, விரலளவுப் பறவை ஒன்று நெற்றிக்கு முன்னால் அந்தரத்தில் நின்று பொட்டையே பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது, மூச்சு விடவும் பயமாக இருந்தது.

அவள் கணவர் தியாகலிங்கம் அப்படித்தான் பார்ப்பார். வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தால் மனைவியின் முன்னால் வந்து நின்று, சரிந்த பொட்டை ஒரு விரலால் நேராக்கிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார்... ஊரில், யுத்தத்தின் கடைசியில், பாலத்தடியில், ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசைக்குப் பிரித்தபோதும், அத்தனை சனத்துக்கு நடுவில், அதே விரல். பிறகு வரிசை நகர்ந்தது. பதினாறு வருடமாக அவர் வரவும் இல்லை, செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை, ஆகவே பொட்டு இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் யூனியன்வில்லில் இருந்து அண்ணன் விநாயகமூர்த்தி போன் எடுத்தார், கலியாணக் காட் அச்சுக்குப் போகவேண்டுமாம். "உயிரோட எண்டால் மச்சான்ரை பேரை மட்டும் போடுவம். இல்லையெண்டால் முன்னால காலஞ்சென்ற எண்டு போடவேணும். நடுவில ஒண்டும் இல்லைப் பிள்ளை. விடிய எடுக்கிறன், யோசிச்சுச் சொல்லு." அண்ணனுக்கு எதையும் இரண்டு பெட்டிக்குள் போட்டு மூடினால்தான் நித்திரை வரும். சந்திரவதனாவுக்கோ ஒரே நினைப்பு, வந்தது அவரோ? சிட்டாக வந்தார் என்றால் மனிசனாக இல்லை என்றல்லவா ஆகிறது, அப்படி நினைத்தவளே அவரைக் கொன்றவள் ஆகமாட்டாளா? வெறும் பறவை அது, சிவப்புக்கு வந்த பறவை, அப்படித்தான் இருக்கவேண்டும்.

சரி, பார்த்துவிடுவோம். நகத்தால் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைக் கிளப்பினாள். யார் யாரோ சாடையாகச் சொல்லியும் எடுக்காத பொட்டு, குளிக்கும்போதுகூட ஒன்றை எடுத்து அடுத்ததை ஒட்டும்வரை கண்ணாடியைப் பார்க்கமாட்டாள், இப்போது கை தானாகவே எடுத்துவிட்டது, எடுத்து, வெளிறிய பிளாஸ்டிக் பூவின் நடுவில் ஒட்டியும் விட்டது. சிவப்பைத் தேடி அங்கே போனால் அது பறவை, கலியாண அழைப்பில் அவர் பேர் மட்டும், அவ்வளவுதான் விஷயம். தள்ளி வந்து நின்றாள். கண்ணாடிக் கதவில் ஒரு நெற்றி தெரிந்தது, நடுவில் வெளிறிய வட்டம், யாரோ ஒருத்தியின் நெற்றி... பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மிசினின் சத்தம் நின்றது. அந்த முனகல் முதலில் வேலிப்பக்கம் கேட்டது, பிறகு கிட்ட. சிட்டு போத்தலடிக்கு வந்தது, பொட்டுக்கு முன்னால் நின்றது. குடி, குடி, குடித்துவிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாகப் போகும்... அது குடிக்கவில்லை. திரும்பியது. வெறும் நெற்றிக்கு முன்னால், அந்த வட்டத்துக்கு நேரே, நேற்றையைவிடக் கிட்ட வந்து நின்று, வைத்த பொருளைக் காணாதவர்போல் அப்படியும் இப்படியும் தலையைச் சரித்துத் தேடியது. உள்ளே மேசையில் போன் அடிக்கத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ," என்றாள் சந்திரவதனா மெதுவாக, போத்தல் பூவைக் காட்டி, "உங்கை ஒட்டியிருக்கிறன்."

சிட்டு போய்விட்டது. போன் விடாமல் அடித்தது, அண்ணனாகத்தான் இருக்கும்... ஒரே ஒரு மனிசனைத் தவிர வேறொருவரையும் அவள் 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட்டதில்லை, இவ்வளவு காலமாக வாய்க்குள்ளேயே கிடந்த சொல், இப்போது யாருக்குச் சொன்னேன், யாருக்கு... கேட்டுக்கொண்டே கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், தொடாமல் பாதியில் நிறுத்தினாள்.