கசங்காத தண்ணீர்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆனியில், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர் வரை வாவியில் ஒரு தோணி அகலத் தண்ணீர் கசங்குவதை நிறுத்திவிட்டது. கச்சான் காற்றில் இரு பக்கமும் அலை எழுந்தது. நடுவில் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரிக் கிடந்தது. காரணம் குருமண்வெளிச் சீதேவியின் கூறைப்புடவை.

சீதேவிக்குப் புதுத்துணி ஆகாது. துணி கசங்காமலிருக்கப் பூசும் மருந்து பட்டால், கழுத்து, கமக்கட்டு, இடுப்பு என்று வியர்க்கும் இடமெல்லாம் சிவந்து தடிக்கும். நன்றாக அலசினால் ஒன்றும் செய்யாது. பள்ளிச் சட்டைக் காலத்திலிருந்தே அப்படித்தான் சமாளித்தாள். ஆனால் கூறையை நனைக்கக் கூடாது, கோடியாகவே உடுக்க வேண்டும். மண்டூர் மாப்பிள்ளை வினாயகமூர்த்தி ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றிகளெல்லாம் தாண்டிச் செங்கலடிக்குப் போய், எப்படி மடித்தாலும் கசங்காத புடவை கேட்டு வாங்கி, சட்டை தைப்பதற்காக முன்னதாகவே அனுப்பியிருந்தான். கலியாணத்துக்கு முதல்நாள் உடுத்திப் பார்த்தாள். தாலி ஏற வேண்டிய கழுத்தில் தடிப்பு ஏறிவிட்டது.

"கூறைய நனைச்சா மாப்பிள்ள வீட்டார் வந்த வழியே கிறுகிப் போயிருவாங்க," என்றாள் தாய் ஆச்சிப்பிள்ளை.

"மணவறையில இருந்து சொறிஞ்சா மட்டும் நிப்பாங்களா அம்மா?"

விடியுமுன் சீதேவி துறையில் இறங்கி அலசினாள். மருந்து தண்ணீருக்குப் போயிற்று. தண்ணீரின் சுருக்கமெல்லாம் புடவைக்கு வந்தது. மணலை மீன்கள் துறைக் கட்டையில் முதுகை உரசிச் சொறிந்தன.

கச்சானுக்குப் பயந்து அன்று வேறு தோணி ஓடவில்லை. தோணிக்காரன் கோணாமலையின் தோணி மட்டும் அந்தக் கசங்காத வழியால் மாப்பிள்ளை வீட்டாரை ஒரு துளி தெறிக்காமல் கொண்டுவந்து இறக்கியது. தடமே விழாமல் வந்த தோணியைப் பார்த்த சென்றிக்காரர்கள் அடையாள அட்டை கேட்க மறந்தார்கள்.

மணவறையில் மாமியார் சின்னத்தங்கம் புடவையை உற்றுப் பார்த்தாள். "என்னகா புள்ள, கூறைய மாடு சப்பினதா?"

"நனைச்சிட்டன் மாமி. எனக்கு மேல் தடிக்குது."

மேளம் நின்றது. வினாயகமூர்த்தி அவள் கழுத்தில் மங்கிக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்தான்.

"அவ நனைக்காட்டி நீங்க இப்ப அக்கரையில நிண்டு காத்த ஏசிக்கிட்டிருப்பீங்க அம்மா."

சின்னத்தங்கம் வாவியைப் பார்த்தாள். தன் நனையாத சேலையைப் பார்த்தாள். "மறுகா என்னத்துக்குடா மேளத்த நிப்பாட்டினீங்க?" என்றாள்.

அந்த வருடம் கடைகளில் வேறு கூறை கிடைக்கவில்லை. இன்னும் சில பெண்களுக்குத் தடித்தது. அவர்களும் அதே துறையில் அலசினார்கள். அடுத்த ஆனியில், கச்சானுக்கு நடுவே, அந்த வழியிலேயே மாப்பிள்ளைத் தோணியும் நெல்மூட்டைத் தோணியும் எதிரெதிரே உரசாமல் போய்வந்தன.