தொங்கும் விளக்கு

அந்த அறையில் தொங்குகிற விளக்கே இல்லை. அதுதான் சிக்கல்.

கூரையில் இரண்டு விளக்குகள் எரிந்தன. இரண்டும் சப்பையாகக் கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளை மறுபடி வாசித்தாள். தாள் குறுகலானது. மூன்று வரிகள்.

அவசரத்தில் இழுக்கவும் வளையம்
தொங்கும் விளக்கு பக்கத்தில்
மூடிய கம்பி

"வளையமும் இல்ல, தொங்குற விளக்கும் இல்ல. என்னத்த இழுக்கிறது?" என்றாள்.

"எழுதின மனுஷன் காதைத்தான் இழுக்கணும்" என்றாள் நாத்தனார். பற்கள் தந்தியடிக்க, வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

எழுதின மனுஷன் அண்ணியின் கணவன், நாத்தனாருக்கு அண்ணன். மூன்று பேருமாகச் சேர்ந்து நடத்துவது ஒரு சின்ன ஐஸ்கிரீம் பட்டறை. பட்டறையின் பின்கட்டில் இருப்பது இந்தக் குளிர் அறை. தண்ணீரைக் கல்லாக்குகிற குளிர். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் வெளியே இருக்கும் இரும்புத் தாழ்ப்பாள் கொக்கியில் விழுந்து மாட்டிக்கொள்ளும். அதற்காகவே வாசலில் ஒரு மரக்கட்டையைச் சொருகி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். இன்று பால் கேன்களைக் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்த நாத்தனார், கட்டையை எட்டி உதைத்துவிட்டாள். கதவு பம்மென்று சாத்திக்கொண்டது.

கைப்பேசிகள் வெளியே மேசையில் கிடந்தன. கத்திப் பார்த்தார்கள். கதவு ஒரு சாண் கனம், அதற்கப்பால் இயந்திரத்தின் உறுமல். வண்டியில் சரக்கு கொண்டுபோன கணவன் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். நாத்தனாரின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அது இப்போது தகடு மாதிரி விறைத்து, நடக்கும்போது சடசடத்தது. அண்ணியின் கண் அடிக்கடி அங்கேதான் போனது. சாயங்காலம்வரை அந்தக் கால்கள் தாங்காது.

"அண்ணி, இதுக்கு முன்னாடி இங்லீஷ்ல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சே?"

"இருந்துச்சு. சோதனைக்கு வந்தவர் தமிழ்லயும் இருக்கணும்னு சொன்னாரு. உங்க அண்ணன் அகராதிய மடியில வெச்சுக்கிட்டு எழுதினாரு. எழுதி முடிச்ச சந்தோஷத்துல பழசை பிளேடால சுரண்டி எடுத்துட்டாரு."

"சுத்தம். கோன் தோய்த்த சாக்லேட்னு போர்டு போட்ட மகராசனாச்சே!"

அண்ணிக்கு அந்தக் குளிரிலும் சிரிப்பு வந்தது. கடைமுகப்பில் அந்தப் பலகை இரண்டு நாள் தொங்கியது. ஊரே நின்று படித்துவிட்டுப் போனது. கடைசியில் அண்ணிதான் அழித்துத் திருத்தி எழுதினாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் பார்வை கூரையோரமாக ஓடிய ஒரு கறுப்பு வயரில் நின்றது. ரப்பர் உறை போட்ட வயர்.

"மூடிய கம்பி! அண்ணி, அதோ பாருங்க, உறை போட்டு மூடிருக்கு. விளக்குப் பக்கத்துலதான் போகுது."

"ஏய், அது கரண்டு வயரு. கைய வெக்காத!"

"எழுதியிருக்குல்ல? இழுக்கவும்னு?"

அண்ணி எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பெட்டி மேல் ஏறி வயரைப் பற்றி இழுத்துவிட்டாள். சட்டென ஒரு நீலப் பொறி. விளக்குகள் அணைந்தன. கதவு திறக்கவில்லை. குளிர்க்காற்றை ஊதுகிற மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்க வேண்டியது நிற்காமல், எரிய வேண்டியது அணைந்தால் எப்படி இருக்கும்? இருட்டு வந்து முகத்தில் அப்பியது போலிருந்தது.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். திட்டாதீங்க."

"திட்டல. இறங்கு. கைய என் அக்குள்ல வை. பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசுறது?"

"எதையாவது. உங்க அண்ணன் சின்ன வயசுல பண்ணின கூத்தச் சொல்லு."

நாத்தனார் ஏதோ ஆரம்பித்தாள். பாதியில் குரல் தேய்ந்தது. "கால் இருக்கிற மாதிரியே தெரியல அண்ணி" என்றாள். தலை அண்ணியின் தோளில் சரிந்தது.

அண்ணி நாத்தனாரை இழுத்து ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார வைத்து, தன் மேல்துணியை அவிழ்த்து அவள் கால்களில் சுற்றினாள். எழுந்திருக்க ஊன்றிய கை அட்டைப்பெட்டியின் முகப்பில் பட்டது. கோன் பெட்டி. அதில் என்ன அச்சடித்திருக்கும் என்பது இருட்டிலும் அவளுக்குத் தெரியும். பலகையைத் திருத்திய அன்று எதிரே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தது இதைத்தான்.

Cones dipped in chocolate.

அன்றைக்கு அவளுக்குப் பிடிபட்டது ஒரு சின்ன விஷயம். ஆங்கிலக்காரன் பெயரை முதலில் சொல்லிவிடுகிறான். கோன். அது எப்படிப்பட்ட கோன் என்பதைப் பின்னாலேயே வால் மாதிரி ஒட்டுகிறான்: தோய்த்த, சாக்லேட்டில். அந்த வால் தனக்கு முன்னால் இருக்கிற பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். தமிழில் நேர்மாறு. வால் முன்னே வரும், பெயர் பின்னே வரும்: சாக்லேட்டில் தோய்த்த கோன். அவள் கணவன் வார்த்தைகளை மாற்றினான், வரிசையை மாற்றவில்லை. கோன், தோய்த்த, சாக்லேட் என்று அப்படியே இறக்கி வைத்தான். தமிழ்க் கண்ணுக்கு 'தோய்த்த' என்பது அடுத்து வரும் சாக்லேட்டைத்தான் பிடிக்கும். பாவம், கோனில் தோய்ந்து போனது சாக்லேட்.

அப்படியென்றால், இந்தக் கதவுத் தாளிலும்...

அண்ணி இருட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வரிகளும் மனப்பாடம் ஆகியிருந்தன. வரிகளை ஒரே வரியாக நீட்டினாள். வளையம், தொங்கும், விளக்கு பக்கத்தில், மூடிய, கம்பி. சுரண்டப்பட்ட ஆங்கிலம் தானாக எழுந்து நின்றது.

Pull the ring hanging by the lamp covered with wire.

"அடியே!" என்று கத்தினாள். "தொங்குறது விளக்கு இல்லடி! வளையம்!"

"ம்?"

"தூங்காத, கேளு. hanging-னு இருந்திருக்கு. அது ring பின்னாடி வந்த வால். விளக்கோட ஒட்டாது. நம்மாளு தாளு சின்னதுன்னு 'தொங்கும்'ங்கிறத அடுத்த வரிக்குத் தள்ளிட்டாரு. நாம அத விளக்குத் தலையில கட்டிட்டோம்."

"அப்ப மூடினது?"

"அது விளக்கோட வால். covered. கம்பி மூடியிருக்குங்கிறதில்ல, கம்பி போட்டு விளக்க மூடியிருக்கு. தோய்த்த கோன் மாதிரி, மூடிய விளக்கு."

இருட்டிலிருந்து, தெளிவில்லாமல், ஆனால் எரிச்சலோடு வந்தது குரல்: "ரெண்டு விளக்குலயும் கம்பியே இல்லையே அண்ணி."

அந்த எரிச்சலைக் கேட்டதும் அண்ணிக்குப் பாதி உயிர் திரும்பியது. "மூணாவது ஒண்ணு இருந்துச்சு. கதவுக்கு வலப்பக்கச் சுவத்துல. கோழிக்கூண்டு மாதிரி வலை போட்டது. பழைய விளக்கு. ஃபியூஸ் போனதும் உங்க அண்ணன் அதுக்கு முன்னாடி சரக்கை அடுக்கிட்டாரு. எழுந்திரு, பெட்டிய நகத்தணும்."

"கால்தான் இல்லையே."

"கை இருக்குல்ல? உட்கார்ந்துக்கிட்டே வாங்கி வை."

அண்ணி சுவரைத் தடவிப் போனாள். ஆளுயரத்துக்கும் மேலே போன அடுக்கு. மேல்பெட்டியை இறக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் நாத்தனார் மடியில் வாங்கிப் பக்கத்தில் தள்ளினாள். ஒரு பெட்டி நழுவி விழுந்து கிண்ணங்கள் உருண்டோடின. "விடு, உங்க அண்ணன் தலையில எழுதிக்கலாம்" என்றாள் அண்ணி. விரல்கள் மரத்துவிட்டதால் முழங்கைகளாலும் மார்பாலும் அணைத்து இறக்கினாள். கடைசி வரிசை இடுப்பளவுக்கு வந்தபோது கையை நீட்டிச் சுவரைத் துழாவினாள்.

விரல் கட்டங்களில் சிக்கியது. கம்பி வலை. வலைக்குள்ளே உருண்டையாகக் கண்ணாடி.

அதன் இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் உறைபனி புற்றுப் போல மேடு கட்டியிருந்தது. மேட்டின் அடியில் வளைவாக ஏதோ தட்டுப்பட்டது. அண்ணி காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். குளிரில் அது பலகைபோல் கெட்டிப்பட்டிருந்தது. குதிகால் பக்கத்தைத் திருப்பிப் பனியில் ஓங்கி அடித்தாள். பொருக்குகள் உதிர்ந்து முகத்தில் தெறித்தன. மறுபடி அடித்தாள். இரும்பு வளையம் ஒன்று விடுபட்டு, ஒரு கம்பிக் கயிற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது.

தொங்கியது.

கயிறு சுவரிலிருந்த துளை வழியாக வெளியே போனது. மறுமுனை எங்கே போகும் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. வெளியே கொக்கியில் விழுந்து கிடக்கிற தாழ்ப்பாளுக்குத்தான். இங்கே இழுத்தால் அங்கே தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும். அவ்வளவு எளிய ஏற்பாடு.

வளையத்துக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. தரையில் தவழ்ந்து வந்த நாத்தனார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இழுக்கவும்" என்றாள் நாத்தனார், அண்ணன் குரலில்.

இருவரும் சேர்ந்து சாய்ந்தார்கள். வெளியே டணார் என்று ஒரு சத்தம். அண்ணி வளையத்தை விடாமலே காலால் கதவைத் தள்ளினாள். கதவின் ஓரத்தில் வெளிச்சம் நூலாகக் கோடிட்டு, அகன்று, வெதுவெதுப்பான காற்றோடு உள்ளே வந்து விழுந்தது.

அண்ணி நாத்தனாரை அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். மரக்கட்டையை எடுத்துக் கதவிடுக்கில் சொருகினாள். தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள். மேசையிலிருந்த பேனா விரல்களில் நிற்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில் பெரிய கோணல் எழுத்தில் எழுதினாள்:

கம்பி வலையால் மூடிய விளக்கின் பக்கத்தில் தொங்கும் வளையத்தை இழுக்கவும்.