கல்லில் வெட்டிய பட்டம்

தமிழில் எல்லா எழுத்தும் ஒரே உயரம். இங்கிலீஷில்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற மேல்கீழ் உண்டு. சித்தூரில் எங்கள் சபைக்காரர்களுக்கு அந்தப் பெரிய எழுத்தின் மேல் தீராத ஆசை. மிஷன் பள்ளிக்கூடத்தால் தலையெடுத்த குடும்பங்கள். படிப்பை விட்டால் காட்டிக்கொள்ள நிலமா இருந்தது, நகையா இருந்தது? வாசல் பலகையில், கல்யாணப் பத்திரிகையில், ஏன், குடைக் கைப்பிடியில்கூடப் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொள்வார்கள். தேறாதவர்களும் விடமாட்டார்கள். 'பி.ஏ. ஃபெயில்' என்று எழுதுவார்கள். அதிலும் பி.ஏ. பெரிய எழுத்தில், ஃபெயில் சின்ன எழுத்தில். சிரிக்காதீர்கள். அந்தச் சின்ன எழுத்தோடு வாழ முடியாமல் போனவனும் எங்களில் ஒருவன் இருந்தான்.

அவன் தனராஜ், மிஷன் பள்ளி வாத்தியார் இயேசுதாசனின் மூத்த மகன். பட்டணத்தில் சரித்திரம் எடுத்து பி.ஏ. படித்தான். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை திருப்பதியில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முடிவு வரும் நாளில் கூட இருக்க வேண்டும் என்று இயேசுதாசன் ரயிலேறிப் போனார். மகன் தேறவில்லை. அவர் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த வண்டியில் சித்தூருக்குத் திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம் ரேணிகுண்டாவுக்குப் போகும் தண்டவாளத்தில் தனராஜின் உடல் கிடந்தது.

எங்கள் சபையில் ஒரு சட்டம் இருந்தது. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடமில்லை, ஜெபமும் இல்லை. வெளியே எருக்கஞ்செடிகளுக்கு நடுவில் குழி தோண்டிப் போட்டுவிட வேண்டியதுதான். போதகர் பிரகாசம் கெட்டவர் அல்ல. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாதே.

"வாத்தியாரே, பரீட்சை இன்னா ஆச்சு?"

"பாஸுங்க ஐயா," என்றார் இயேசுதாசன். "காலையில என் கையப் புடிச்சிக்கினு அழுதான். சந்தோஷத்துல."

போதகர் பெருமூச்சு விட்டார். "பாஸான புள்ள எதுக்கு சாவப் போறான். லைன் மேல நடந்துக்கினு போயிருப்பான், வண்டி வந்தது தெரிஞ்சிருக்காது."

அப்படித்தான் தனராஜ் சுவருக்குள் போனான். முன்பே இறந்துபோயிருந்த அவன் அம்மாவின் பக்கத்தில், சுவரோரமாக அவனைப் படுக்க வைத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இயேசுதாசன். இன்னொருத்தி அவர் மகள் ஞானசௌந்தரி. திருப்பதியிலிருந்து திரும்பி வந்த கையோடு, சாவுச் செய்தி வருவதற்கு முன்னால், அவளிடம் அவர் சொல்லியிருந்தார்.

பொய் சொன்னால் போதாது, அதற்குச் சோறும் போட வேண்டும். கல் நடும் பேச்சு வந்ததும் சபைப் பெரியவர்கள், பிள்ளை வாங்கிய பட்டம் கல்லில் இல்லாவிட்டால் எப்படி என்றார்கள். இயேசுதாசன் காகிதத்தையும் மைக்கூட்டையும் மகள் முன்னால் வைத்தார். ஞானசௌந்தரி பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவள். பட்டத்துக்குப் பெரிய எழுத்து, படித்த பாடத்துக்குச் சின்ன எழுத்து என்று பிள்ளைகளின் காதைத் திருகிக் கற்றுக்கொடுப்பவள். அவள் அப்படியே எழுதினாள்.

"சரித்திரத்தையும் பெருசா எழுது," என்றார் அப்பா.

"பாடத்துக்குப் பெரிய எழுத்து வராது, நைனா."

"பட்டமே வரல. அத எழுதிட்ட. இதயும் எழுது."

எழுதினாள். திருப்பதி அலிபிரிப் பக்கத்திலிருந்து வந்த கல்தச்சன் முனிகிருஷ்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பேரைவிட இது பெருசா கீதே. உங்க சாமி பேரா?"

"படிப்பு," என்றாள்.

"ஓ, சதுவா," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு உளியை எடுத்தார்.

கடைசிப் பிள்ளை ஜெபமணி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கல்லைக் காட்டியே எங்கள் சபை அவனை வளர்த்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் பாக்கியில்லாமல், "அண்ணன் மாதிரி ஒரே தடவையில முடிக்கணும், இன்னா?" என்று முதுகில் தட்டுவார்கள். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தில் தட்டுகிற கை எவ்வளவு கனம் என்று தட்டுகிறவனுக்குத் தெரியாது. ஜெபமணியும் பட்டணம் போனான். அண்ணன் எடுத்த அதே சரித்திரம் எடுத்தான். தேறவில்லை.

வீட்டுக்கு வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அதே பொஸ்தகம்க்கா," என்றான் ஒருநாள். "அண்ணன் கோடு போட்டு வெச்ச எடத்தையே நானும் படிச்சேன். அவனால முடிஞ்சிது. எனக்கு மூளையே இல்லக்கா." அப்புறம், "சாயங்காலம் திருப்பதி வண்டி எப்போ?" என்று கேட்டான்.

ஞானசௌந்தரி நேரே அப்பாவிடம் போனாள். தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"சொன்னா வெளிய வரும்," என்றார் அவர். "வந்தா தனராஜத் தூக்கி வெளிய போட்ருவாங்க. அவன் அம்மா பக்கத்துல படுத்துக்கினு இருக்கான். அத்த மட்டுந்தான் அவனுக்கு நான் செஞ்சேன்."

"இவனையும் அங்கயே படுக்க வெக்கணுமா நைனா?"

அவள் ஜெபமணியைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கல்லின் முன்னால் நின்று, எழுதியது நான்தான், அண்ணன் தேறவே இல்லை என்று சொன்னாள். சொன்னால் பாரம் இறங்கிவிடும், பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நம்பித்தான் சொன்னாள். அவன் விரலால் அந்தப் பெரிய எழுத்துகளைத் தடவினான்.

"அப்போ அண்ணன் தெரியாம வண்டியில அடிபடல," என்றான்.

அதை அவள் யோசிக்கவில்லை. ஒரு உண்மையைச் சொன்னால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

"எனக்கும் இதையே வெட்டுவீங்களாக்கா? அதே பாடம்தான. அந்தக் காகிதம் இருக்குதா?"

அவனைப் பளாரென்று அறைந்தாள். பிறகு அவனையே கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னாலேயே வந்திருந்த இயேசுதாசன் தோட்டத்து வாசலருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"என் பெரிய புள்ள தனராஜ் பி.ஏ. ஃபெயிலு," என்றார். "கல்லுல இருக்கறது பொய். என்னாண்ட வந்து சொன்னான். நான் அவன்கிட்ட பேசல. போய் ரயில்ல வுழுந்தான். சின்னவனும் ஃபெயிலு. தோ, உக்காந்துக்கினு இருக்கான். இவன யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஜெபமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். புதைத்த உடலைத் தோண்டும் துணிச்சல் எவருக்கும் இல்லை. சட்டத்தைக் கைவிடவும் மனசில்லை. அதனால் சுவரை நகர்த்துவதென்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்துப் பழைய சுவரை இடித்துவிட்டு, அம்மாவின் கல்லறை உள்ளேயும் மகனின் கல்லறை வெளியேயும் இருக்கும்படி, இரண்டுக்கும் நடுவில் புதுச் சுவர் எழுப்பினார்கள். கொத்தனார் நூல் பிடித்துக் கட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

சுவர் எழும்பும்போது ஜெபமணி வெளிப்பக்கத்தில் அண்ணன் கல்லருகே உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியதும் இயேசுதாசன் தலையில் துண்டோடு வந்தார்.

"வூட்டுக்கு வா. சோறு ஆறிப் போவுது."

"என்னாலதான நைனா அண்ணன் வெளிய வந்துட்டான்."

"அவன நான் அன்னைக்கே வெளிய வுட்டுட்டேன்டா," என்றார். "இப்போ கூப்புட்டா வரமாட்டான். நீ வருவ. வா, வந்து துன்னு."

ஜெபமணி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் பின்னால் போனான். பொழுது சாய்வதற்குள் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது.